கற்றுத் தேர்ந்த பின் எழுதும் முதற் செய்தி



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கவிதை நூலோ சிறுகதைத் தொகுதியோ அன்று. இதழியல் படிக்கின்ற ஓர் இளம்பிள்ளை தன் கற்கையை முடித்துக்கொண்டு வெளியே வருகின்ற அந்தச் சில மாதங்களைப் பற்றியே பேசப் போகின்றேன். இலக்கிய நிகழ்ச்சியொன்றில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் எழாது. எங்களுடைய சிறுகதையும் நாவலும் விமர்சனமும் பத்திரிகைப் பக்கங்களிலேதான் நடை பழகின. செய்தி எழுதுகின்ற கையும் கதை எழுதுகின்ற கையும் பல வேளைகளில் ஒரே கையாகவே இருந்திருக்கின்றன. ஆகவே செய்தி எழுத வருகின்ற பிள்ளை எந்த மனத்தோடு வருகின்றது என்பது எங்கள் எழுத்தின் எதிர்காலத்தோடு தொடர்புடைய விடயம்.

கல்லூரியிலிருந்து பத்திரிகைக்குப் போகும் பாதை எங்களுக்குப் புதியதன்று. 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் திகதி ‘உதயதாரகை’யின் முதல் இதழ் வெளிவந்தது. அமெரிக்க மிசன் வெளியிட்ட அப்பத்திரிகையின் ஆசிரியர்களாக அமர்ந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் உருவானவர்கள். அதே செமினரியில் கற்றுத் தேறிய சிறுப்பிட்டி இளைஞர் ஒருவர் 1853இல், பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்குச் சென்று ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்று. அவர்தான் பிற்காலத்தில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துப் புகழ் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரும் அவரே.

படிப்பு முடிந்த வாசலில் நின்ற அந்த இளைஞருக்கு முன்னால் இருந்த கேள்வி, இன்று அதே வாசலில் நிற்கும் பிள்ளைக்கும் இருக்கின்றது. ஊரில் நிற்பதா, வெளியே போவதா என்பதே அந்தக் கேள்வி. போனவர்கள் தமிழுக்குப் பெருமை சேர்த்தார்கள். அதில் குறை காண்பதற்கு எதுவுமில்லை. ஆனால் ஊரில் நடப்பதை எழுதுவதற்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத காலத்தில் என்ன நேரும் என்பதை வன்னி அறிந்த அளவுக்கு வேறெந்த ஊரும் அறிந்திராது. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்களும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வெளியாரின் கண் அங்கே இல்லாது போயிற்று. அதன் பின் உள்ளேயிருந்த ஒருசில நிருபர்களும் மருத்துவர்களும் தொலைபேசியில் சொன்னவைதான் உலகத்துக்குக் கிடைத்த செய்தி.

ஆகவே அந்தப் பிள்ளையை வன்னியிலிருந்தே எடுத்துக்கொள்வோம். நான் சொல்லப்போகும் மாணவி தனி ஒருத்தி அல்லள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து இதழியல் படிக்கப் போன பலரையும் ஒன்றாக நினைத்து நான் சொல்லும் மாணவி அவள். இன்று கற்கை முடிக்கின்ற அவளுக்கு 2009 மே மாதத்தில் ஏழு, எட்டு வயது இருந்திருக்கும். முதலாம், இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் கூடாரத்திலிருந்து படித்திருப்பாள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்போது அவளுக்குப் பத்து, பதினொரு வயது. அவளுடைய குழந்தைப் பருவத்துப் புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாமலிருக்கலாம். இடம்பெயர்ந்த பாதையில் விடப்பட்ட பெட்டிகளோடு அவையும் போயின. தன் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக்கூடப் பின்னர் பிரதி எடுத்தே வைத்திருக்கும் பிள்ளை, எழுதி வைப்பதன் பெறுமதியை எந்த விரிவுரையாளரும் சொல்லித்தர வேண்டாமல் அறிந்திருக்கின்றது.

வன்னியிலேயே இப்போது பல்கலைக்கழகம் உண்டு. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் பிரயோக விஞ்ஞானமும் வணிகமும் தொழில்நுட்பமும்தான் அங்கே முதன்மையான துறைகள். ஊடகம் படிக்க விரும்புகின்ற பிள்ளை யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருக்கின்றது. போய், மூன்று நான்கு ஆண்டுகள் தங்கிப் படித்து, இறுதி ஆய்வுக் கட்டுரையையும் ஒப்படைத்து விட்டு, ஏ-9 வீதியால் பஸ்ஸில் திரும்பி வருகின்றாள்.

வீட்டில் கேட்கும் முதற் கேள்வி, “பிள்ளை, இனி என்ன வேலை?” என்பதுதான். அயலவர்கள் கேட்பது, “இதுக்கு அரசாங்க வேலை கிடைக்குமோ?” என்று. இக்கேள்விகளைக் கேலி செய்வது எளிது. ஆனால் அவை நியாயமான கேள்விகள். மாவட்டங்களில் இருந்து எழுதும் நிருபர்களிற் பெரும்பாலோருக்கு நிலையான மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு ஏற்பவே கொடுப்பனவு கிடைக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் தொலைபேசிக்குக் கட்டணமும் தம் கையிலிருந்தே போகின்றன. கொழும்பிலே தொலைக்காட்சிகள் இருக்கின்றன. தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுதும் உத்தியோகம் இருக்கின்றது. யூரியூப்பில் சொந்தமாக ஓர் அலைவரிசை தொடங்கலாம். ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் மாமா ஒருவர் அழைக்கவும் கூடும். இவற்றுள் எதைத் தெரிந்தாலும் அவளை யாரும் குற்றஞ்சொல்ல முடியாது. எனினும், இவற்றுக்கெல்லாம் நடுவில், தன் ஊரிலேயே நின்று செய்தி எழுதுவது என்று அவள் தீர்மானித்தால், அவளுக்கு முன்னால் வந்து நிற்கும் முதற் சோதனை எது என்பதையே இனிச் சொல்லப் போகின்றேன்.

இதழியல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரப்படும் பாடம், செய்தி என்றால் புதியது என்பது. நேற்று இல்லாதது, இன்று நடந்தது. இந்த வரைவிலக்கணத்தை மனனம் செய்துகொண்டு வருகின்ற மாணவியைக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலுக்கு அனுப்பிப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அங்கே தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நான்கு நாட்களில் வவுனியாவிலும், மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவிலும் அவ்வாறே தொடங்கிற்று. 2025 பெப்ரவரியில் கிளிநொச்சிப் போராட்டம் எட்டு ஆண்டுகளை நிறைவு செய்தது. அதே தாய்மார், அதே படங்கள், அதே கேள்வி. ‘எங்கள் பிள்ளைகள் எங்கே?’ இதில் புதியது எது? அவள் செய்தியை எழுதி அனுப்பினால், தலைநகரிலே செய்தி மேசையில் இருப்பவர், “தங்கச்சி, இது நேற்றும் வந்ததுதானே” என்று சொல்லக்கூடும். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவரும் அதே வரைவிலக்கணத்தைப் படித்தவர்.

இங்கேதான் அவளுடைய கல்வி உண்மையாகத் தொடங்குகின்றது. மாறாமல் இருப்பதே செய்தியாக இருக்கும் ஊரில் என்ன எழுதுவது?

ஒரு வழி, உணர்ச்சியைக் கூட்டுவது. ‘கண்ணீர்க் கடலில் தாய்மார்’ என்று தலைப்பிடுவது. முதல் நாள் அது பலிக்கும். நூறாவது நாளில் வாசகருக்குக் கண் பழகிவிடும். ஆயிரமாவது நாளில் அந்தத் தலைப்பே அத்தாயை மறைக்கும் திரையாகிவிடும். கண்ணீர் என்ற சொல்லை எங்கள் பத்திரிகைகள் எத்தனை முறை அச்சிட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அச்சொல்லில் இனி ஈரம் மிஞ்சியிருக்குமா என்ற ஐயம் வரும்.

மற்ற வழி கடினமானது. அது விபரத்தைத் தேடுவது. அந்தக் கொட்டகைக்கு நேற்று வந்திருந்த யார் இன்று வரவில்லை? ஏன் வரவில்லை? காத்திருந்தே இறந்துபோன பெற்றோர் பலர். இன்று இறந்தவர் யார், அவர் தேடியது யாரை? அந்தப் பிள்ளை கடைசியாகக் காணப்பட்ட இடம் எது, எந்தத் திகதி, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, கூட நின்றவர் யார்? வட்டுவாகல் பாலத்தடியிலா, ஓமந்தையிலா, வீட்டு வாசலிலா? அந்தத் தாய் இதுவரை எத்தனை ஆணைக்குழுக்களின் முன் சாட்சி சொன்னார்? காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறி, 2018இல் அதன் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அங்கே அவர் கொடுத்த மனுவுக்கு என்ன பதில் வந்தது? இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் விடை தேடி, ஒரு தாய்க்கு ஒரு செய்தி என்று எழுதினால், ‘நேற்றும் வந்தது’ என்று எவரும் சொல்ல முடியாது. ஏனெனில் நேற்று வந்தது இன்னொரு பிள்ளையின் கதை.

இந்த வழியில் முன்னே நடந்தவர்கள் வெளியுலகிலும் இருக்கிறார்கள். ஆர்ஜென்ரீனாவில் 1976இல் இராணுவ ஆட்சி வந்தபின் ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். 1977 ஏப்ரல் 30ஆம் திகதி பதினான்கு தாய்மார் தலைநகரான புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் கூடினார்கள். அதன் பின் வியாழன் தோறும் அந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். அந்நாட்டுப் பெரும் பத்திரிகைகள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ‘புவனஸ் அயர்ஸ் ஹெரால்ட்’ என்ற சிறிய ஆங்கிலப் பத்திரிகைதான் காணாமற் போனவர்களின் பெயர்களை அச்சிட்டது. அதன் ஆசிரியர் ரொபேட் கொக்ஸ் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். முதலில் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யும்படி குடும்பத்தாரிடம் சொல்வார். மனு பதிவானதும் அது நீதிமன்றச் செய்தியாகிவிடும். அந்தப் பெயரை அவர் அச்சிடுவார். உணர்ச்சியைவிட ஆவணம் வலிது என்று அவர் கண்டுகொண்டார். அச்சுறுத்தல் பெருகி, 1979 இறுதியில் அவர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. ஆனால் அச்சிட்ட பெயர்கள் அச்சிட்டபடியே நின்றன.

எங்கள் மாணவி இதைப் பாடநூலில் ஒரு பந்தியாகப் படித்திருப்பாள். கிளிநொச்சிக் கொட்டகையின் வாங்கில் கொப்பியோடு அமரும்போதுதான் அது அவளுக்கு விளங்கும்.

இரண்டாவது சோதனை இதற்கு நேரெதிரானது. முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில், 2023 ஜூன் மாத இறுதியில், குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. 2024 ஜூலையில் பணி முடிந்தபோது 52 மனித எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. இங்கே செய்தி புதியது, தலைப்புச் செய்தி. உலகமெல்லாம் கேட்கும் செய்தி. இப்போது அவளுக்குத் தேவைப்படுவது பேசும் துணிவோடு, பேசாமல் நிறுத்தும் அடக்கமும்.

குழியின் ஓரத்தில் நிற்கும் நிருபருக்கு ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். இது யாருடைய உடல், எந்த ஆண்டு, யார் செய்தது என்று கைத்தொலைபேசியில் செய்தி பறக்கும். அவள் எழுத வேண்டியது இன்று எத்தனை எச்சங்கள் எடுக்கப்பட்டன, எத்தனை அடி ஆழத்தில், கூட என்ன ஆடை இருந்தது, நீதவான் என்ன கட்டளையிட்டார், சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் என்ன சொன்னார்கள் என்பவை மாத்திரமே. அதற்கு மேலே ஒரு சொல்லைக் கூட்டினால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருப்பாள். பிறகு அது பொய்யென்று தெரிந்தால், அந்தத் தாய்க்கு ஏற்படும் காயத்துக்கு எந்தப் பத்திரிகையின் மறுப்புச் செய்தியும் மருந்தாகாது.

இலக்கியத்துக்கும் செய்திக்கும் உள்ள எல்லையை இவ்விடத்தில் ஒரு கணம் நோக்கலாம். முல்லைத்தீவுத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்தது. வன்னியின் காட்டோரத்து வாழ்க்கையை நாவலிலே நிலைநிறுத்திய படைப்பு அது. அந்த ஊர் மக்கள் 1984இல் தம் நிலத்தை விட்டு விரட்டப்பட்டார்கள். கொக்குத்தொடுவாய் மக்களும் அவ்வாறே. ஆகவே, இன்று அங்கே போகும் நிருபருக்கு, அந்த ஊர் விரட்டப்படுவதற்கு முன் எப்படி மூச்சுவிட்டது என்று சொல்வதற்கு ஒரு நாவல் துணையாக இருக்கின்றது. அது பெரும் பேறு. ஆனால் நாவலாசிரியர் பெயரை மாற்றலாம். இரண்டு மனிதரை ஒருவராக்கலாம். மழை பெய்யாத நாளில் மழை பெய்விக்கலாம். நிருபருக்கு அந்த உரிமை இல்லை. அவளுடைய மழை, பெய்த நாளில்தான் பெய்ய வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை ஒரு குறைபாடாக நினைப்பவர் கதை எழுதப் போகலாம். அதிலே நிறைவு காண்பவர்தான் செய்தியாளர்.

மூன்றாவது சோதனையைச் சொல்வதற்குச் சற்றுத் தயக்கம் வரும். ஆயினும் சொல்லாமல் விடுவது முறையன்று. உண்மை என்பது எதிரில் இருப்பவரைப் பற்றி மட்டும் எழுதுவதன்று. போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கொரு பிள்ளை கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டது. பிள்ளைகளைப் பதுங்குகுழியில் ஒளித்து வைத்த பெற்றோர் இருந்தார்கள். அக்காலத்தில் வன்னியில் இருந்து வெளிவந்த பத்திரிகைகளில் அதை எழுத முடியவில்லை. குண்டு வீச்சில் இறந்தவர்களைப் பற்றி அங்கே எழுத முடிந்தது. கொழும்பிலோ அதை எழுதுவதே ஆபத்தாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் எழுதக்கூடியது ஒன்றும் எழுதக்கூடாதது ஒன்றும் இருந்தன. இடையில் அகப்பட்ட சனங்கள் இரண்டையும் அனுபவித்தார்கள். அந்த மாணவியின் வீட்டிலேயே இரண்டு கதையும் இருக்கும். அண்ணனைக் கொண்டுபோன நாளும், தம்பி செல்லில் பட்ட நாளும் ஒரே தாயின் வாயிலிருந்து வரும். ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிட்டால், அது அந்தத் தாயின் கதையாகாது. தாய் சொன்ன ஒழுங்கிலேயே இரண்டையும் எழுதத் துணியும்போதுதான் அவள் ஊரின் நிருபராகின்றாள்.

அன்பர்களே, இந்தத் தொழிலின் ஆபத்தை மறைத்துவிட்டு ஒரு பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்ல முடியாது. 2007 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 29ஆம் திகதி ‘உதயன்’ பத்திரிகையின் இளம் நிருபர் செல்வராஜா ரஜிவர்மன் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று மாதங்கள் கழித்து, ஓகஸ்ட் முதலாம் திகதி அதிகாலையில், சகாதேவன் நிலக்சன் கொக்குவிலில் தன் வீட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 22. யாழ். பல்கலைக்கழகத்தின் ஊடக வளங்கள் பயிற்சி மையத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்த மாணவர் அவர். ‘சாளரம்’ என்னும் சஞ்சிகையின் ஆசிரியரும் கூட. கற்கையின் முடிவில் என்ன செய்வது என்று யோசிப்பதற்கு அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவருடன் படித்த பிள்ளைகள் தங்கள் சான்றிதழை என்ன மனத்தோடு கையேற்றிருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அவரைக் கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையத்தின் மீது விமானங்கள் குண்டு வீசியதில் வானொலிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2009 பெப்ரவரி 12ஆம் திகதி, போரின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் தமிழ் ஊடகங்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி எறிகணை வீச்சில் இறந்தார். போர் முடிந்தபின் ஆபத்து ஓய்ந்து விட்டதா என்றால், அதுவுமில்லை. 2020 ஒக்ரோபர் 12ஆம் திகதி முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில், சட்டவிரோதமாக மரம் வெட்டப்படுவதைச் செய்தியாக்கப் போன சண்முகம் தவசீலன், கணபதிப்பிள்ளை குமணன் ஆகிய இருவரும் தாக்கப்பட்டார்கள். அரசியலைவிட்டுக் காட்டு மரத்தைப் பற்றி எழுதினாலும் அடி விழலாம் என்பதற்கு அது சான்று.

இப்பெயர்களை நான் அச்சமூட்டுவதற்காகச் சொல்லவில்லை. வெறும் வீரவணக்கமாகவும் சொல்லவில்லை. எழுத வருகின்ற பிள்ளை தனக்கு முன்னால் எழுதியவர்களின் பெயரையும் திகதியையும் பிழையின்றி அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கின்றேன். எச்சரிக்கையும் தொழிலின் ஓர் அங்கம். தனியே போகாமல் இருவராகப் போவது, போகுமிடத்தை ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போவது, குறிப்பையும் படத்தையும் வேறோரிடத்தில் பிரதி வைப்பது, தகவல் தந்தவரின் பெயரை வெளியிடுமுன் அவரால் அதன் விளைவைத் தாங்க முடியுமா என்று ஒன்றுக்கு இருமுறை யோசிப்பது. இவை கோழைத்தனம் அல்ல. நிருபருக்கு ஆபத்து வந்தால் சங்கங்கள் அறிக்கை விடும். தகவல் தந்த ஏழைப் பெண்ணுக்கு ஆபத்து வந்தால் அறிக்கை விடுவதற்கும் ஆளிராது.

சோகம் மட்டுமே வன்னியின் செய்தி என்று அவள் எண்ணிவிடவும் கூடாது. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, வான்கதவு எப்போது திறக்கும், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடுவது என்று கமக்காரர் கூட்டத்தில் என்ன தீர்மானித்தார்கள், யானை வேலி எங்கே அறுந்து கிடக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இல்லை, நந்திக்கடலில் இறால் பட்டதா இல்லையா. இவையெல்லாம் சனங்கள் தினமும் கேட்கும் செய்திகள். இவற்றை எழுதுகையில் ஒரு நன்மை உண்டு. வாசகருக்கு நிருபரைவிட அதிகம் தெரியும். குளம் வான் பாய்வதற்கும் குளக்கட்டு உடைப்பெடுப்பதற்கும் வேறுபாடு தெரியாமல் எழுதினால், மறுநாள் காலை தேநீர்க் கடையிலேயே தீர்ப்புக் கிடைத்துவிடும். துருசு என்றால் என்ன, அலைகரை என்றால் எது என்று கமக்காரரிடம் கேட்டுப் பழகுகின்ற பிள்ளை, தன் மொழியையும் அவ்விடத்திலேயே கற்றுக்கொள்கின்றது. கல்லூரி கற்பித்த ‘மக்கள் பெரும் அவதி’ என்ற தேய்ந்த சொற்றொடரை மெல்ல மெல்லக் கைவிடுகின்றது. சின்னச் செய்தியில் சரியாக எழுதுபவரைத்தான் சனங்கள் பெரிய செய்தியில் நம்புவார்கள். குளத்து நீரின் அளவைச் சரியாக எழுதியவள் வரும்போதுதான், ஒரு தாய் தன் மகனின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுப்பாள்.

இனி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கடமை சொல்லிவிட்டு நாங்கள் சும்மா இருக்க முடியாது. மாவட்ட நிருபருக்குப் பெற்றோல் செலவையாவது ஒழுங்காகக் கொடுப்பது பத்திரிகை நிறுவனங்களின் கடன். அவர்களுடைய பெயரைச் செய்தியின் தலையில் போடுவதும் அப்படியே. இறுதியாண்டு மாணவரை நூலகத்தில் மட்டும் ஆய்வு செய்ய விடாமல், ஓர் ஊரைப் பொறுப்பாகக் கொடுத்து ஓராண்டு எழுத வைப்பது பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடிய காரியம். வாசகர்களாகிய எங்களுக்கும் ஒன்று உண்டு. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியில் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகின்ற பழக்கத்தைக் குறைத்து, நன்றாக எழுதிய நிருபருக்கு இரண்டு வரி எழுதிப் போட வேண்டும். பிழையிருந்தால் அதையும் எழுத வேண்டும். தன்னை யாரோ கவனித்து வாசிக்கிறார்கள் என்று தெரிந்த நிருபர் கவனமின்றி எழுத மாட்டார்.

கற்கை முடிந்து வரும் மாணவிக்கு நான் ஒரு பயிற்சியைச் சொல்வேன். பட்டமளிப்பு விழாவுக்கு முன்னர் உள்ள அந்த வெறுமையான மாதங்களில் செய்யக்கூடியது. உன் ஊரில் ஒரே ஒரு வீட்டைத் தெரிந்தெடு, பிள்ளை. அந்த வீட்டில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை, பெயர், திகதி, இடம், நேரம் எல்லாம் விசாரித்து, ஐந்நூறு சொற்களுக்குள் எழுது. எழுதியதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பாதே. முதலில் அந்த வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோ. அவர்கள் முன்னால் இருந்து உரத்து வாசி. “அது பின்னேரமில்லை பிள்ளை, விடியப்புறம்” என்று அந்தத் தாய் திருத்துவார். திருத்திக்கொள். “அவனுக்குப் பதினேழு இல்லை, பதினாறு முடியேல்லை” என்பார். அதையும் திருத்து. ஒரு வயதுதானே என்று நீ நினைக்கலாம். தாய்க்கு அது ஒரு முழு ஆண்டு. திருத்துவதற்கு ஒன்றுமில்லாமல் அவர் தலையசைக்கின்ற நாள் வரும்வரை அந்த வீட்டுக்குப் போய் வா.

அதன் பிறகு அந்தச் செய்தியை அனுப்பலாம். செய்தி மேசையில் இருப்பவர் அதைப் போடலாம், போடாமலும் விடலாம். போட்டால் உள்ளே ஒன்பதாம் பக்கத்தில் மூலையில் வரலாம். ஆனால் அந்த வீட்டில் அது வெட்டி எடுக்கப்பட்டு, அடையாள அட்டைப் பிரதிகளோடும் மனுக்களோடும் ஒரே கோவையில் வைக்கப்படும். அடுத்த முறை எந்த ஆணைக்குழு வந்தாலும் அந்தத் தாய் அதையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்.